பல்கலைக்கழகக் கூட்டுறவு கேண்டீன் நஷ்டத்தில் ஓடுகிறது, எதிலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி கேட்டிருப்பவர் மதுரைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர் போலத் தெரிகிறது. பணியாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கேண்டீன் மாதா மாதம் கையைக் கடிக்கிறது. சரிசெய்ய ஒரு குழு போட்டு அதில் இவரையும் சேர்த்திருக்கிறார்கள். விலையை ஏற்றுவதா, சமையல் மாஸ்டரை மாற்றுவதா, காண்டிராக்ட்டுக்கு விட்டுவிடுவதா என்று கேட்கிறார்.

மூன்றையும் ஓரமாக வையுங்கள். முதலில் கல்லாவில் இருக்கும் கடன் நோட்டை வாங்கிப் பாருங்கள்.

இதைச் சொல்ல உனக்கென்ன தகுதி என்று கேட்க நாலு பேர் வருவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் கேட்டரிங் படித்தவன் இல்லை. வீட்டில் காபி போடக்கூட என்னை விட மாட்டார்கள். இதே சுற்றுவட்டாரத்தில் ஒரு வளாகத்தில் (எது என்று கேட்காதீர்கள், பாதிப் பேர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார்கள்) அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 2013 கூட்டுறவுத் தேர்தலில் நிற்க ஆளில்லாமல் என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். 2018 வரை கேண்டீன் சங்கத்துக்குத் தலைவராக இருந்தேன்.

உட்கார்ந்த இரண்டாவது மாதம் தணிக்கைக் குறிப்பு வந்தது. நஷ்டம். நஷ்டம் என்றதும் நம் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது அடுப்படித் திருட்டுதான். எனக்கும் அதுதான் தோன்றியது. சரக்கு மாஸ்டர் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், அங்கேயே பத்தொன்பது வருடம் நின்றவர். எண்ணெய் டின் எத்தனை வந்தது, பருப்பு எத்தனை கிலோ போனது என்று அவரை நிற்க வைத்துக் கேட்டேன். ஸ்டோருக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டுச் சாவியை என் பையில் வைத்துக்கொண்டேன். பெரிய சீர்திருத்தம் செய்துவிட்ட நினைப்பு.

ஒரு நாள் காலையில் பதிவாளர் அறையில் கூட்டம், பத்து மணி தாண்டி இழுத்துவிட்டது. கேண்டீனுக்கு ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு அண்டாவிலும் உலை தளதளவென்று கொதிக்கிறது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறார். அரிசி ஸ்டோரில், சாவி என் சட்டைப் பையில். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குச் சாப்பாடு ஒன்றரை மணிக்குத்தான் போட முடிந்தது, பையன்கள் தட்டில் தாளம் போட்டார்கள்.

இரண்டு மாதம் எல்லாவற்றையும் எடை போட்டேன். எங்கள் கேண்டீன் கணக்கு ஒரு கிலோ அரிசிக்கு ஏழு சாப்பாடு, ஒரு லிட்டர் பாலுக்கு இருபது டீ. விற்ற டோக்கனையும் வெளியே போன சரக்கையும் வைத்துப் பார்த்தால் கணக்கு நேராக வந்தது. திருட்டு இல்லை.

பிறகு எங்கே போகிறது? முதல் பாதியைச் சொன்னவர் கழனித்தண்ணி எடுக்க வருபவர். பக்கத்துக் கிராமத்துக்காரர், நாலு மாடு வைத்திருக்கிறார், டிவிஎஸ் 50இல் இரண்டு பக்கமும் டிரம் கட்டிக்கொண்டு வருவார். பேச்சுவாக்கில், "வெள்ளிக்கிழமைன்னா ரெண்டு நடை வரணும் சார், டிரம் பத்தாது" என்றார். ஏன் என்றேன். "மத்தியானம் யாரு சார் இங்க இருக்கா? பூராப் பயலுகளும் பையத் தூக்கிட்டு ஊருக்குப் போயிர்றாய்ங்க. நீங்க பாட்டுக்கு ஆக்கி வைக்கிறீங்க."

தேனி, சிவகங்கை, விருதுநகர் பையன்கள் எல்லாம் வெள்ளி மதியமே பஸ் ஏறிவிடுவார்கள். இண்டெண்ட்டில் (ஸ்டோரிலிருந்து சரக்கு எடுக்க எழுதும் பட்டியல்) மட்டும் திங்களுக்கு என்ன அளவோ அதுவேதான் வெள்ளிக்கும், 32 கிலோ அரிசி. இத்தனை வருடம் யாரும் மாற்றவில்லை, மாற்று என்று மாஸ்டரிடம் யாரும் சொல்லவுமில்லை. 18 கிலோவாகக் குறைத்தோம். சித்திரைத் திருவிழா வாரம், ஆடி வெள்ளி, புரட்டாசி சனி எல்லாவற்றுக்கும் காலண்டரில் தனியாகக் குறித்து வைத்தோம். புரட்டாசியில் ஆம்லெட்கூட ஓடாது, முட்டையை அட்டை அட்டையாக வாங்கி வைத்தால் தலையில்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

பஸ் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வளாக வாசலில் நிறுத்தம் என்று போர்டு இருக்கிறது, நிழற்குடை இருக்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் மட்டும் நிற்காது. கூட்டத்தைப் பார்த்ததும் டிரைவர் வலது பக்கம் ஒடித்துப் போய்விடுவார். இருட்டின பிறகும் பொம்பளைப் பிள்ளைகள் அங்கேயே நிற்கும். மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்று ரசீதும் பீரோவில் இருக்கின்றன. சரி, விடுங்கள்.

மீதிப் பாதிதான் கடன் நோட்டு. எங்கள் கல்லாவில் நீளமான நோட்டு ஒன்று, அட்டை கிழிந்து காடாத்துணி ஒட்டியது. திறந்து பார்த்தால் ஒருவர் பெயரும் முழுசாக இல்லை. "கெமிஸ்ட்ரி 3 டீ 2 வடை." "கண்ணாடி மேடம் 1 சாப்பாடு." "லேப் சார் பாக்கி." ஒரு துறையில் நேர்முகத் தேர்வு நடந்த அன்று "14 காபி 14 கேசரி", கையெழுத்துக் கிடையாது, எந்தக் கணக்கில் எழுதுவது என்றும் இல்லை. கூட்டிப் பார்த்தால் 1,86,000 ரூபாய். அதில் சிலர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள், இரண்டு பேர் உயிரோடு இல்லை. ஏழாம் பக்கத்தில் "சூப்ரண்ட் 412" என்று இருந்தது. சூப்ரண்ட் என்றால் கண்காணிப்பாளர். எந்த சூப்ரண்ட் என்று கல்லாவில் இருந்த தம்பியிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "நீங்கதான் சார்" என்றான்.

கட்டினேன். கட்டிவிட்டுத்தான் அடுத்தவரிடம் கேட்கப் போனேன்.

பெயரில்லாத கடனுக்குக் கேண்டீனில் இனி இடமில்லை என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டோம். துறைக் கூட்டத்துக்கு டீ வேண்டுமா, துறைத் தலைவர் கையெழுத்திட்ட சீட்டு வர வேண்டும், பணம் துறைச் செலவில் வர வேண்டும். தனிக்கடன் வேண்டுமா, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று உறுப்பினர் எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளப் பிடித்தம் கூட்டுறவுச் சட்டத்திலேயே உள்ள வழிதான், நானாகக் கண்டுபிடித்ததில்லை. உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் பேரவைக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் எழுந்து, "டீக்காசுக்காக எங்க சம்பளத்துலயே கை வைக்கிறீங்களா?" என்றார். கைதட்டல் வேறு. நான் 1983ஆம் வருடத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவை வாசித்துக் காட்டினேன். நிர்வாகத்தில் இருப்பவர்கள் தெரிந்தே காட்டிய அலட்சியத்தால் சங்கத்துக்கு இழப்பு வந்தால் தண்டத் தீர்வையாக அதை எங்களிடமே வசூலிக்கலாம். உங்கள் வடைக்கு என் பென்ஷனா என்று கேட்டேன். அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம்.

விலை ஏற்றவே கூடாதா என்று கேட்பீர்கள். ஏற்றலாம், நாங்களும் ஒரு முறை ஏற்றினோம். உடனே பையன்கள், அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அங்கே மீதியை அரசு தாங்குகிறது, நமக்கு யார் தாங்குவார்? ஆனால் ஓட்டையை அடைக்காமல் விலையை ஏற்றினால், நோட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடும் ஆசிரியருக்காகக் காசு கொடுத்துச் சாப்பிடும் மாணவன் கட்டுகிறான். எங்கள் சங்கத்தில் மாணவர்கள் வெறும் இணை உறுப்பினர்கள், ஓட்டுக் கிடையாது. அதனால் அவன் குரல் எந்தக் கூட்டத்திலும் கேட்காது.

காண்டிராக்ட் விட்டு நன்றாக நடக்கும் இடங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எனக்கு அதில் மனமில்லை, அவ்வளவுதான்.

சின்னச் சின்ன விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மளிகையைக் கீழமாசி வீதியில் இரண்டு கடையிலாவது விலை கேட்டு மொத்தமாக எடுங்கள், காய்கறிக்குப் பரவையோ மாட்டுத்தாவணியோ எது பக்கமோ அங்கே. செலவைக் குறைக்கிறேன் என்று வீட்டு சிலிண்டரை உள்ளே கொண்டுவர யாராவது யோசனை சொல்வார்கள், 14.2 கிலோ சிலிண்டரை கேண்டீனில் வைப்பது குற்றம், 19 கிலோ மாதிரி வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். வடை சுட்ட எண்ணெயில் மறுபடி பஜ்ஜி போடுவதை நிறுத்துங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது செல்லாமல் போனதே பல இடங்களில் தெரியாது.

மூன்றாவது வருடம் நஷ்டம் நின்றது. நாலாவது வருடம் லாபத்தில் உறுப்பினர்களுக்குப் பங்கு ஈவு கொடுத்தோம், சொல்லிக்கொள்ளும் தொகை இல்லை. 2018இல் மறுபடி நின்றேன், தோற்றேன். ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு, கூட்டுறவின் அடிப்படையே அதுதான். தனியார் ஓட்டலில் கடன்காரன் வேறு, முதலாளி வேறு. இங்கே இரண்டும் ஒரே ஆள், ஓட்டுப் போடுபவரும் அவரே. நான் யாரையும் குறை சொல்லவில்லை, ஓட்டு எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன்.

மாஸ்டர் விஷயம் பாதியில் நிற்கிறது. கடன் நோட்டைப் பார்த்த மறுநாளே ஸ்டோர் சாவியை அவரிடம் நீட்டினேன். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை, "இனிமே நீங்களே வச்சுக்கங்க" என்றேன். அவர் சாம்பார்க் கரண்டியை வைக்காமலே, "உங்ககிட்டயே இருக்கட்டும் சார். நாளைக்கு இன்னொருத்தர் வந்து கேப்பாரு" என்றார். கடைசியில் சாவி கல்லாத் தம்பியிடம் போனது. நான் இருந்தவரை மாஸ்டர் அதைத் தொடவில்லை.

ஆகவே மாஸ்டரை மாற்றுவதைப் பற்றிக் குழுவில் யாராவது எடுத்தால், கழனித்தண்ணி எடுப்பவரை முதலில் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கடன் நோட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், முதல் கூட்டத்துக்கு முன்னாலேயே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.