"சத்து ட்ரிப்ஸ்" என்று சொல்லி எத்தனை நாள் ஓட்டுவது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. வலது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து தையலும் பிரித்தாகிவிட்டது. அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறார்கள். 21 நாளுக்கு ஒன்றாக 8 முறை. "சாதாரணக் கட்டிதான், எடுத்தாச்சு" என்றே அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம். கீமோவையும் "சத்து ட்ரிப்ஸ்" என்று சொல்லிவிடலாம் என்கிறார் அண்ணன். பெரியம்மாவோ தட்டு, டம்ளரைத் தனியாக வை, 2 வயதுப் பேரனைக் கிட்டே விடாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? — வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம்.

முதலில் அண்ணன் விஷயம். பாசத்தில்தான் சொல்கிறார், புரிகிறது. ஆனால் கீமோவில் ஆபத்தை முதலில் உணரப் போகிறவர் அம்மாதான். 8 முறை என்றால் பெரும்பாலும் முதல் 4 முறை டாக்ஸோரூபிசினும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் இருக்கும். பிறகு பாக்லிடாக்செல் அல்லது டோசிடாக்செல். உங்கள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாக்ஸோரூபிசின் சிவப்பாக இருக்கும். அது ரத்தக் குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதையே வெந்து புண்ணாகிவிடும். ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ வலியோ தொடங்கினால் அந்த நிமிடமே நர்ஸிடம் சொல்ல வேண்டும். சத்து ட்ரிப்ஸ் என்று நம்பியிருப்பவர், "கொஞ்சம் எரியுது, போகட்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயந்துபோவார். இந்த மருந்துக்கு அது ஒன்றிரண்டு நாள் இயல்புதான். மூன்றாவது வாரத்தில் முடி கொத்தாக வரும்போது, சத்து ட்ரிப்ஸுக்கு ஏன் முடி கொட்டுகிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இன்னொன்று. ஆஸ்பத்திரி போர்டை அம்மாவும் படித்திருப்பார். பாதி வீடுகளில் நோயாளிக்குத் தெரியும், பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று அவரும் நடிக்கிறார். அதனால் விளக்கத்தில் தொடங்காதீர்கள். "டாக்டர் சொன்னதுல உனக்கு என்னம்மா புரிஞ்சுது?" என்று கேளுங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்து ஒரு படி மட்டும் சொல்லுங்கள்: கட்டி புற்றுநோய்தான், எடுத்தாச்சு, கண்ணுக்குத் தெரியாத துணுக்கு எங்காவது இருந்தால் அதையும் அழிக்கத்தான் இந்த மருந்து. போதும். மிச்சத்தை அவரே கேட்பார், கேட்கும்போது சொல்லுங்கள். உங்களுக்கு வாய் வரவில்லை என்றால் டாக்டரையே சொல்லச் சொல்லி, கூட உட்கார்ந்திருங்கள்.

இனி 21 நாள் கணக்கு. வீடே இந்தக் காலண்டரில்தான் ஓடும். முதல் நாள் வாந்தி வராமல் இருக்க ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுப்பார்கள். அன்று ராத்திரி தூக்கம் வராது. சர்க்கரை இருந்தால் ஏறும், இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருங்கள். வாந்தி 5-ஆம் நாள் வரை வரலாம். மாத்திரையை வாந்தி வந்த பிறகு தேடாமல், எழுதிய நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் ஆண்டான்செட்ரான் மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும். மலமிளக்கியையும் அன்றே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முக்கியமானது 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் தரைதட்டும் நேரம் அது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். 100.4 டிகிரி காட்டினாலோ, காய்ச்சல் இல்லாமலே குளிர் உதறினாலோ, நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டும். "ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம், காலையில் போகலாம்" என்பதில்தான் உயிர் போகிறது: மாத்திரை சூட்டைக் குறைத்துக் காட்டும், கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும். அவசரப் பிரிவில் வாயைத் திறந்ததும் "கீமோ நோயாளி, கடைசி கீமோ இன்ன தேதி" என்று சொல்லுங்கள். காய்ச்சல் வார்டு வரிசையில் உட்காரவைக்க விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். மருந்துகளின் பெயர், தேதி, டாக்டரின் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டு அம்மாவின் பர்ஸிலேயே இருக்கட்டும். வெள்ளை அணுக்களை ஏற்றும் ஊசி எழுதிக் கொடுத்தால், கீமோ முடிந்து 24 மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும். ஐஸ் பையோடு வாங்கி வந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் கூடாது.

சாப்பாட்டுக்குப் பெரிய பத்தியம் எதுவும் இல்லை. சுடச்சுட, அன்றைக்குச் சமைத்தது. பழைய சோறு, வெளியே நறுக்கி விற்கும் பழம், ரோட்டுக்கடை ஜூஸ், சட்னி எல்லாம் கீமோ முடியும்வரை வேண்டாம். முட்டை முழுக்க வேகட்டும். வாய்ப்புண் வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா கலந்து நாலைந்து தடவை கொப்பளிக்கட்டும். பப்பாளி இலைச் சாறு, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கஷாயம் இவற்றுக்கு டாக்டரைக் கேட்காமல் இடம் கொடுக்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் அளவு எகிறினால் அடுத்த கீமோ தள்ளிப்போகும்.

பெரியம்மாவுக்கு: புற்றுநோய் ஒட்டாது. அதே தட்டு, அதே டம்ளர். பேரன் மடியிலேயே இருக்கலாம். அவனுக்குச் சளி, காய்ச்சல், அம்மை என்றால் மட்டும் தள்ளி வையுங்கள். மருந்து சிறுநீரிலும் வாந்தியிலும் வெளியேறும் என்பதால் முதல் 48 மணி நேரம் வேறு கவனம் வேண்டும். டாய்லெட்டை மூடி போட்டு இரண்டு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள். வாந்தி பட்ட துணியைக் கையுறை போட்டுத் தனியாகத் துவையுங்கள்.

முடியை முதல் கீமோ முடிந்ததுமே கட்டையாக வெட்டிவிடுவது நல்லது. நீளமாக உதிர்வதைப் பார்ப்பதுதான் அதிகம் வலிக்கும். மொட்டை என்றால் மெஷினில். பிளேடு கீறினால் அதுவும் கிருமிக்கு வாசல். விசாரிக்கிற எல்லாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை, சமயபுரத்துக்கு வேண்டுதல் என்று அம்மா சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், அந்தப் பொய் யாரையும் கெடுக்காது. 5-ஆவது கீமோவுக்குப் பிறகு விரல் நுனி மரத்துப்போகலாம். புடவைக்குப் பின் குத்த வராமல் தடுமாறினால், அடுப்புச் சூடு தெரியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். வலது அக்குளில் நெறிக்கட்டியும் எடுத்திருந்தால் ட்ரிப்ஸ், பிரஷர் பார்ப்பது எல்லாம் இடது கையில்.

செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கீமோவுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேசையில் அனுமதி கேளுங்கள். சிகிச்சைக்கு ரயிலில் போவதாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சலுகைச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். துணைக்குப் போகிறவருக்கும் கட்டணம் குறையும். பயாப்ஸி ரிப்போர்ட், ஈஆர்-பிஆர்-ஹெர்2 ரிப்போர்ட் (கட்டி எந்த வகை என்று சொல்லும் பரிசோதனை) இரண்டையும் நகல் எடுத்து அண்ணனிடம் ஒரு செட் கொடுத்து வையுங்கள்.

அடுத்த வாரம் முதல் கீமோவுக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று: ராத்திரி 2 மணிக்குக் காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது, தஞ்சாவூரில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது? பதிலை எழுதி வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.