வயிற்றை எக்கிக்கொண்டு

அன்புள்ள அக்கா,

உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. எனக்கு 37 வயது. கணக்குத் தணிக்கை வேலை. வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. பிரச்சினை என் உடம்பு. பிரசவத்துக்குப் பிறகு ஏறிய எடை இறங்கவே இல்லை. குடும்பத்தோடு எங்கே போனாலும் போட்டோ எடுப்பவள் நான்தான். அதனால் எந்தப் போட்டோவிலும் நான் இல்லை.

போன மாதம் அலுவலகத்தில் நூறு பேர் முன்னால் அரைமணி நேரம் பேசச் சொன்னார்கள். ஒரு வருடம் உழைத்து நான் தயாரித்த அறிக்கை பற்றித்தான். காய்ச்சல் என்று பொய் சொல்லி விலகிக்கொண்டேன். என்னைவிட இளையவர் ஒருவர் அதை வாசித்துக் கைதட்டல் வாங்கினார். மேடையில் திரும்பி நின்று திரையைக் காட்டவேண்டி வரும், அப்போது பின்பக்கம் தெரியுமே என்பது மட்டும்தான் காரணம்.

தினமும் கண்ணாடி முன் நின்று 'நான் அழகாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும் என எங்கோ படித்து, நாற்பது நாள் சொன்னேன். பொய்சாட்சி சொல்வதுபோல் இருந்தது. சில நாள் இரவு சாப்பிடாமல் படுத்துவிடுகிறேன். முதலில் எடையைக் குறைத்துவிட்டு அப்புறம் தன்னம்பிக்கையைப் பற்றி யோசிக்கலாமா?

இதை எழுத வைத்தது வேறொன்று. போன வாரம் மகளைப் போட்டோ எடுத்தேன். "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்பது வயது.

எம்.

*

அன்புள்ள எம்.,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். வயிற்றை எக்குவதில் எனக்கு இருபது வருட அனுபவம் இருக்கிறது.

43 வயதில் நீச்சல் கற்கப் போனேன். முதுகுவலிக்கு மருத்துவர் சொன்ன வழி அது. முதல் இரண்டு வாரம், தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு குளத்துப் படிவரை போவேன். யாரும் பார்க்காத நொடி வரும்வரை நிற்பேன். சட்டென்று துண்டை எறிந்துவிட்டுக் கழுத்தளவு தண்ணீருக்குள் போய்விடுவேன். தண்ணீருக்குள் உடம்பு தெரியாதாம். அப்படி ஒரு நினைப்பு. அப்புறம் மல்லாந்து மிதக்கும் பாடம் வந்தது. எனக்கு வரவேயில்லை. கால் கீழே போகும், மூக்கில் தண்ணீர் ஏறும், இருமிக்கொண்டே எழுந்து நிற்பேன். பயிற்சியாளர் என் வயதில் பாதிகூட இல்லாத பெண். நாலைந்து முறை பேசாமல் பார்த்தாள். பிறகு, "மேடம், வயித்தை விடுங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எக்கிப் பிடிச்சிருக்கீங்க. மூச்சு நெஞ்சோட நின்னுடுது. அப்புறம் எப்படி மிதப்பீங்க?"

எக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து கவனித்தேன். பாத்திரம் கழுவும்போது எக்கியிருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து எழுதும்போதும் எக்கியிருந்தேன். அந்த அறையில் யாரும் கிடையாது. யாருக்காக எக்கினேன்? விட்டதும் மிதந்துவிட்டேன் என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். நிஜத்தில் அதற்கு இன்னும் மூன்று வகுப்புகள் ஆயின. விடவேண்டும் என்று நினைத்தால் மட்டும் தசை விட்டுவிடுவதில்லை.

உங்கள் கடிதத்தில் எடையைவிட எனக்கு அதிகம் தெரிந்தது இந்த எக்கல்தான். உங்களுக்கு வெளியே ஒரு ஆள் நின்று, நாள் முழுக்க உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். உட்கார்ந்தால் வயிறு மடிகிறதா, திரும்பினால் என்ன தெரிகிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். அந்த ஆளும் நீங்கள்தான். தணிக்கை வேலை செய்பவருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. உள்தணிக்கை நிற்காமல் நடந்தால் அலுவலகத்தில் வேறு வேலை ஓடுமா?

பார்பரா ஃபிரெட்ரிக்சன், டோமி-ஆன் ராபர்ட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1997இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பெண்கள் சிறுவயதிலிருந்தே பார்க்கப்படும் பொருளாக நடத்தப்படுகிறார்கள். நாளடைவில் பார்ப்பவரின் கண்ணைத் தங்களுக்குள்ளேயே குடிவைத்துக்கொள்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அடுத்த வருடம் வெளியான ஒரு சோதனையில், கல்லூரி மாணவர்களைத் தனித்தனியாக, பெரிய கண்ணாடி உள்ள உடைமாற்றும் அறைக்குள் அனுப்பினார்கள். சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். அதைப் போட்டுக்கொண்டே ஒரு கணக்குத் தேர்வு எழுதவேண்டும். நீச்சலுடையில் இருந்த பெண்கள் ஸ்வெட்டர் போட்ட பெண்களைவிடக் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் அந்த வித்தியாசம் இல்லை. அறைக்குள் அவர்களை வேறு யாரும் பார்க்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். பூட்டிய அறையில் நான் எக்கிக்கொண்டிருந்த மாதிரிதான்.

சரி, அந்த நூறு பேருக்கு வருவோம். அவர்கள் உங்கள் பின்பக்கத்தைப் பார்த்திருப்பார்களா? பார்த்திருக்கலாம். சிலர் அப்படித்தான், உடம்பைப் பற்றி மோசமாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள், உங்களிடமும் யாராவது பேசியிருப்பார்கள். எல்லாம் உங்கள் கற்பனை என்று நான் சொன்னால் அது அநியாயம். ஆனால் உள்ளே இருக்கும் அந்த ஆள் தரும் அறிக்கையை அப்படியே நம்பமுடியாது என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

ராபர்ட் கிளெக், ஏஞ்சலோ ஸ்ட்ரென்டா என்ற இருவர் 1980இல் வெளியிட்டது. சில பெண்களின் முகத்தில் ஒப்பனையால் ஒரு பெரிய தழும்பு வரைந்தார்கள். கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, தழும்பு வெடிக்காமல் இருக்க கிரீம் தடவுகிறோம் என்று சொல்லி, அந்தச் சாக்கில் தழும்பைத் துடைத்தே எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு அது தெரியாது. அப்படியே போய் ஒருவரோடு உட்கார்ந்து பேசினார்கள். திரும்பி வந்து, எதிரில் இருந்தவர் தழும்பையே உற்றுப் பார்த்தார், சங்கடப்பட்டார், சரியாகப் பேசவில்லை என்று சொன்னார்கள். அவர் எப்போது எங்கே பார்த்தார் என்றுகூடச் சொன்னார்கள். முகத்தில் தழும்பே இல்லை! எதிரில் இருப்பவர் கண்ணை நகர்த்துவதும் தொண்டையைச் செருமுவதும் எல்லோர் பேச்சிலும் நடப்பதுதான். தழும்பு இருக்கிறது என்று நம்புபவருக்கு அது எல்லாமே தழும்புக்கான சாட்சியாகிவிடுகிறது.

கண்ணாடி மந்திரம் பற்றி எழுதியிருந்தீர்கள். அது உங்களுக்குப் பொய்சாட்சியாகப் பட்டது உங்கள் குறை இல்லை. 2009இல் கனடாவில் ஜோயன் வுட் என்ற உளவியலாளரும் உடனிருந்தவர்களும் இதைச் சோதித்தார்கள். மணி அடிக்கும்போதெல்லாம், தான் அன்புக்கு உரிய ஆள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளவேண்டும். ஏற்கெனவே சுயமதிப்பு உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பலன் இருந்தது. சுயமதிப்பு குறைவானவர்கள் அதைச் சொன்னபின் இன்னும் சோர்ந்துபோனார்கள். நம்பாத ஒன்றைச் சொன்னால் மனம் எதிர்வாதத்துக்கு ஆள் அனுப்பும் போல. தவிர, 'நான் அழகு' என்று தினமும் நிறுவவேண்டியிருக்கும்வரை நீங்கள் கண்ணாடி முன்னால்தானே நிற்கிறீர்கள்? நீங்கள் அழகா இல்லையா என்ற வழக்கில் உங்கள் பக்கம் தீர்ப்பு வரவைப்பதில் எனக்கு ஆர்வமில்லை. வழக்கைத் தள்ளுபடி செய்யமுடியுமா என்று பார்ப்போம்.

எப்படி என்றால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உடம்பை எதற்காவது பயன்படுத்தும்போது மட்டும் அந்த ஆள் கொஞ்ச நேரம் வெளியே போகிறார். எனக்கு நீச்சல். உங்களுக்கு மலையேற்றமாக இருக்கலாம், மண்வெட்டி பிடிப்பதாக இருக்கலாம், அறையைப் பூட்டிக்கொண்டு ஆடுவதாகவும் இருக்கலாம். கலோரி கணக்குப் பார்க்கும் உடற்பயிற்சி வேண்டாம், அங்கே அவர் நோட்டுப்புத்தகத்தோடு கூடவே வருவார். ஜெசிக்கா அலேவா என்பவரின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் உடம்பு என்னென்ன செய்கிறது, அது தங்களுக்கு ஏன் முக்கியம் என்று பெண்களை மூன்று தடவை எழுதச் சொன்னார்கள். எழுதியவர்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் இருந்த மனக்குறை குறைந்தது. செலவில்லாத வேலை, செய்து பாருங்கள். நான் எழுதியபோது முதல் வரி 'ஒரு குழந்தையைச் சுமந்தது' என்று பெருமையாக வந்தது. ஏழாவது வரியில் 'இருட்டில் சுவிட்சைத் தடவாமல் கண்டுபிடிக்கிறது' என்று வந்தது. ஏழாவது வரிதான் எனக்கு உதவியது.

எடை குறைத்தபின் தன்னம்பிக்கை என்ற திட்டம்... 24 வயதில் நான் மெலிந்திருந்தேன். அந்த வருடத்துப் போட்டோ ஒன்றில் தோழியின் தோளுக்குப் பின்னால் பாதி ஒளிந்து நிற்கிறேன். கை தடிமனாக இருக்கிறது என்று அப்போது கவலை. எடை குறைந்தால் அந்த ஆள் ராஜினாமா செய்வதில்லை, வேறு துறைக்கு மாறுகிறார். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு இவற்றுக்காக எடை குறைக்கவேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தாராளமாகக் குறையுங்கள். அது ஒரு தனிக் கோப்பு. மேடை ஏறுவதையும் போட்டோவில் நிற்பதையும் அந்தக் கோப்போடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

இரவு சாப்பிடாமல் படுப்பது மட்டும் எனக்குக் கவலையாக இருக்கிறது. நீங்கள் அதை ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். பசியில்லாமல் விட்டால் பரவாயில்லை. உங்களைத் தண்டிப்பதற்காக விட்டால், அல்லது நாளுக்கு நாள் அது அதிகமாகிறது என்றால், அல்லது சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினால், என் போன்ற எழுத்தாளர்களிடம் கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போங்கள். எந்த எடையில் இருப்பவருக்கும் உணவுக் கோளாறு வரும்.

உடைக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அலமாரியில் 'மெலிந்தபின் போட' என்று சில உடைகள் இருக்கும், நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரியும். தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அவை உங்களைத் திட்டும். இந்த சைஸ் எண்களை எங்கிருந்து பிடித்தார்கள் தெரியுமா? 1939-40இல் அமெரிக்க வேளாண்மைத் துறை (ஆமாம், வேளாண்மைத் துறைதான்) ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவருக்கும் 59 அளவுகள். வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை வைத்து 1958இல் அங்கே ஒரு தர அளவு வந்தது, 1983இல் அதையும் கைவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் போடுகிறது. ஒரே நாளில் மூன்று கடை ஏறினால் மூன்று சைஸ் ஆகிவிடுவீர்கள். எண் தெரியும் லேபிளைக் கத்தரித்துவிட்டு, உட்கார்ந்தால் இறுக்காத, கை தூக்கினால் ஏறாத உடை நாலு வாங்குங்கள். உடையை இழுத்துவிட வேண்டியிருக்கும்வரை மேடையில் கவனம் அங்கேதான் இருக்கும்.

மகள். அவள் அதை எங்கே கற்றாள் என்று தேடிக் குற்றவாளியைப் பிடிக்கவேண்டாம். பள்ளிக்கூடம், செல்போன், நீங்கள், எல்லாமாகவும் இருக்கலாம். அவளை உட்காரவைத்து அறிவுரை சொல்லவும் வேண்டாம். 'நீ குண்டாவா இருக்க, அழகாத்தானே இருக்க' என்று சமாதானம் சொன்னால், குண்டு என்பது பயப்படவேண்டிய விஷயம் என்று உறுதியாகிவிடும். அவள் காதுபட உங்கள் உடம்பைத் திட்டுவதை நிறுத்துங்கள், அடுத்தவர் உடம்பைப் பற்றிய பேச்சையும்தான். அப்புறம், அடுத்த முறை எங்காவது போகும்போது போனை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள். செல்ஃபி வேண்டாம். ஒரு அடி தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு 30 சதவீதம்வரை அகலமாகத் தெரியும் என்று 2018இல் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஐந்தடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். எடுப்பவர் 'ரெடி' என்றதும் உங்கள் வயிறு தானாக எக்கும், பரவாயில்லை. ஒரு மூச்சு விடுங்கள். அவளிடமும் அந்த நீச்சல் பயிற்சியாளர் என்னிடம் சொன்னதையே சொல்லலாம்.

அந்த அறிக்கையைப் பற்றி இன்னொரு முறை பேச வாய்ப்பு வந்தால் எனக்கு எழுதுங்கள். அதில் என்னதான் கண்டுபிடித்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இவ்வளவு நீளக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

அன்புடன்,
அக்கா

பி.கு.: 'மெலிந்தபின் போட' என்று என் அலமாரியில் மூன்று கால்சட்டைகள் இருந்தன. இரண்டைக் கொடுத்துவிட்டேன். ஒன்று இன்னும் இருக்கிறது.