பீக் ராடு வாங்க நம்பகமான சப்ளையரை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: நாங்கள் சிறிய அளவில் வால்வு உதிரிபாகங்கள் செய்கிறோம். ஒரு வாடிக்கையாளர் சீட் வளையங்களை (வால்வு மூடும்போது அடைப்பு வந்து அமரும் வளையம்) பீக் (PEEK) என்ற வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக்கில் கேட்கிறார். இணையத்தில் தேடினால் விற்பவர்கள் வரிசையாக வருகிறார்கள், விலையும் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கிறது. யாரை நம்புவது? எங்கே தொடங்குவது?

பதில்:

இந்த வகைப் பிளாஸ்டிக்குகளை வாங்குவதுதான் என் அன்றாட வேலை. புதிதாக வாங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இது: விற்பவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள், ரெசின் (மூலப் பிளாஸ்டிக்) செய்பவரிடமிருந்து கீழே இறங்கி வாருங்கள். பீக் விஷயத்தில் இது சுலபம். ஏனென்றால் மேலே இருப்பவர்கள் மிகச் சிலர்.

1978-ல் பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் கண்டுபிடித்த பொருள் இது. 1981-ல் விற்பனைக்கு வந்தது. 1993-ல் அந்தப் பிரிவு தனியாகப் பிரிந்து விக்ட்ரெக்ஸ் ஆனது. இன்றைக்கு ரெசின் செய்பவர்களில் முக்கியமானவர்கள் என்றால் விக்ட்ரெக்ஸ், வெஸ்டாகீப் என்ற பெயரில் விற்கும் எவோனிக், கீட்டாஸ்பயர் என்ற பெயரில் விற்கும் சயன்ஸ்கோ (முன்பு சால்வேயின் பகுதி), சீனாவில் சில நிறுவனங்கள், அவ்வளவுதான். இவர்களிடம் நீங்கள் வாங்கப் போவதில்லை. இவர்கள் விற்பது குருணையும் பொடியும். அதை வாங்கி உருக்கி, அச்சு வழியே தள்ளி (இதுதான் எக்ஸ்ட்ரூட் செய்வது) ராடாகவும் தகடாகவும் குழாயாகவும் செய்பவர்கள் அடுத்த படி. என்சிங்கரின் டெக்காபீக், மிட்சுபிஷியின் கீட்ரான், ரோக்லிங்கின் சுஸ்டாபீக் எல்லாம் இந்தப் படியில் வருபவை. இவர்களிடமிருந்து வாங்கி, வெட்டி, சில்லறையாகத் தருபவர்கள் மூன்றாவது படி. உங்களுக்கு வேண்டிய ஆள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறார்.

ஆக, இரண்டாம் படியில் இருப்பவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "எங்கள் பகுதியில் உங்கள் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர் யார், வெட்டிய துண்டுகள் தருவாரா?" என்று கேட்டால் போதும். வரும் பட்டியல் சின்னதாக இருக்கும். தேடலில் கிடைத்த மற்றவர்களையும் உடனே ஒதுக்க வேண்டாம். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த ராடை எக்ஸ்ட்ரூட் செய்தது யார், ரெசின் யாருடையது?" உண்மையான வியாபாரி ஒரு வரியில் பதில் சொல்லிவிடுவார். "இம்போர்ட்டட் சரக்கு", "பெரிய பிராண்டுக்குச் சமமானது" என்று சுற்றி வளைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆனால் யாருக்கும் எழுதுவதற்கு முன்னால் வாடிக்கையாளரிடம் எந்த கிரேடு என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். "பீக்" என்று மட்டும் டிராயிங்கில் இருந்தால் அது பாதித் தகவல்தான். எதுவும் கலக்காதது, 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்தது, 30 சதவீதம் கார்பன் இழை கலந்தது, கார்பன் இழையும் கிராஃபைட்டும் பிடிஎஃப்இயும் (டெஃப்லான்) தலா 10 சதவீதம் சேர்த்த பேரிங் கிரேடு என்று நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். கண்ணாடி கலந்தது விறைப்பாக இருக்கும், ஆனால் எதிரே உராயும் உலோகத்தைத் தேய்த்துவிடும். வெப்பநிலையையும் அழுத்தத்தையும் சேர்த்துக் கேளுங்கள். விளம்பரங்களில் 250 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அது பொய் இல்லை. ஆனால் 143 டிகிரியைத் தாண்டியதும் பொருளின் விறைப்பு சட்டென்று இறங்கிவிடும். சுமை தாங்கும் சீட் வளையத்துக்கு இது முக்கியமான விஷயம். எந்தத் திரவம் ஓடும் என்பதும் தெரிய வேண்டும். பெரும்பாலான ரசாயனங்களுக்கு பீக் அசையாது. அடர் கந்தக அமிலத்தில் கரைந்துவிடும்.

இந்த விவரங்களோடு கொட்டேஷன் கேட்டால் எதிர்ப்பக்கம் இருப்பவர் விற்பனையாளரா, வெறும் இடைத்தரகரா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும். விஷயம் தெரிந்தவர் திருப்பி ஒரு கேள்வியாவது கேட்பார்.

அடுத்தது சான்றிதழ். எனக்கு மிகவும் அக்கறை உள்ள இடம் இதுதான். ஈஎன் 10204 என்ற தரநிலையின்படி சான்றிதழ்களில் வகைகள் உண்டு. 2.1 என்றால் "ஆர்டரில் சொன்னபடி கொடுத்திருக்கிறோம்" என்ற உறுதிமொழி மட்டும். சோதனை முடிவு எதுவும் இருக்காது. 2.2-ல் முடிவுகள் இருக்கும், ஆனால் உங்களுக்கு வந்த சரக்கிலேயே எடுத்தவையாக இருக்க வேண்டியதில்லை. 3.1-ல்தான் நீங்கள் வாங்கும் சரக்கைச் சோதித்த முடிவுகள் வரும், உற்பத்திப் பிரிவைச் சாராத ஆய்வாளர் கையெழுத்தும் இருக்கும். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே "3.1 சான்றிதழ், லாட் எண்ணுடன்" என்று எழுதிவிடுங்கள் (லாட் எண் என்பது ஒரே தடவையில் செய்த சரக்குக்குத் தரும் அடையாள எண்). சரக்கு வந்த பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

சான்றிதழ் கையில் வந்ததும் அதிலுள்ள லாட் எண்ணை ராடின் மேல் அச்சாகியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒரு முறை எங்களுக்கு வந்த சரக்கில் சான்றிதழ் அழகாக இருந்தது. ராடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அச்சு இருந்த இடத்தைத் தின்னர் போட்டுத் துடைத்திருந்தார்கள். கடைசி இரண்டு எழுத்துகள் மங்கலாக மிச்சம் இருந்தன, அவை சான்றிதழில் இருந்த எண்ணோடு பொருந்தவில்லை. முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பினோம். ராடு நல்ல பீக்காகவே இருந்திருக்கலாம். ஆனால் எந்த லாட் என்று தெரியாத பொருளை அழுத்தம் தாங்கும் வால்வுக்குள் வைக்க எனக்கு மனசு வராது. அங்கே ஒரு வளையம் உடைந்தால் பக்கத்தில் நிற்பது ஒரு மனிதர்.

காகிதத்தை நம்பிவிட்டுப் பொருளைச் சோதிக்காமல் விடாதீர்கள். எந்தப் பட்டறையிலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு சிறிய துண்டை வெட்டித் துல்லியமான தராசில் எடை போடுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போடுங்கள். காற்றில் 26 கிராம், தண்ணீரில் 6 கிராம் என்று வந்தால் வித்தியாசம் 20. 26-ஐ 20-ஆல் வகுத்தால் 1.30. எதுவும் கலக்காத பீக்கின் அடர்த்தி அதுதான். கண்ணாடி கலந்ததென்றால் 1.5-ஐ ஒட்டி வர வேண்டும், கார்பன் கலந்ததென்றால் 1.4. துண்டின் மேல் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் குமிழ் ஒட்டாது.

நைலான், அசிட்டால் போன்ற வேறு பிளாஸ்டிக்கை எதுவும் கலக்காத பீக் என்று தள்ளிவிடுபவர்களை இந்தச் சோதனை பிடித்துவிடும். ஆனால் பீக்குக்கு நெருங்கிய அடர்த்தியுள்ள பிபிஎஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கைச் சந்தேகமில்லாமல் பிரித்துச் சொல்ல இது போதாது. முதல் கொள்முதலில் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பி டிஎஸ்சி சோதனை (சூடாக்கி, எந்த வெப்பநிலையில் உருகுகிறது என்று அளப்பது) செய்யச் சொல்லுங்கள். பீக் 343 டிகிரியை ஒட்டி உருகும். பிபிஎஸ் 280-ஐ ஒட்டியே உருகிவிடும். புது சப்ளையர் என்றால் நான் இதைத் தவிர்ப்பதே இல்லை.

லேத்தில் போட்டதும் இன்னொரு விஷயம் வெளியே வரும். எக்ஸ்ட்ரூட் செய்த ராடுக்குள் அழுத்தம் தங்கியிருக்கும், அதை அனீலிங் செய்து, அதாவது சூடாக்கி மெதுவாகக் குளிரவிட்டு, போக்க வேண்டும். சரியாகச் செய்யாத தடித்த ராடில் டிரில் இறங்கும்போதே விரிசல் விடும். விரிசல் விடாவிட்டாலும் கடைந்து வைத்த வளையம் மறுநாள் அளவு மாறியிருக்கும். நிறத்தையும் பாருங்கள். நன்றாகப் படிகமான சாதாரண பீக் ஒளி புகாத வெளிர் பழுப்பாக இருக்கும். மேல் தோல் கறுத்து, கொஞ்சம் ஒளி புகுவது போலத் தெரிந்தால் சட்டென்று குளிர்ந்துவிட்டது என்று பொருள். அனீலிங் செய்ததா என்று ஆர்டருக்கு முன்பே எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்கள் இன்னும் வேண்டுமென்றால் இரண்டு வழிகள். ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நடக்கும் கே கண்காட்சிதான் பிளாஸ்டிக் துறையில் பெரியது. கடைசியாக 2025 அக்டோபரில் நடந்தது. அங்கே போக வேண்டியதில்லை, கலந்துகொண்ட நிறுவனங்களின் பட்டியலை இணையத்திலேயே பார்க்கலாம். இன்னொன்று சுங்கத் தகவல். சுங்கத்தில் பொருள்களை வகைப்படுத்தும் எச்எஸ் எண்களில் பிளாஸ்டிக் ராடுகள் 3916 என்ற தலைப்பில் வரும். அந்த எண்ணில் யார் இறக்குமதி செய்கிறார்கள் என்று காட்டும் தரவு கிடைக்கும் இடங்களில், நிஜமாகவே சரக்கு வைத்திருப்பவர்கள் யார் என்பது புரியும்.

சின்ன அளவு என்று தயங்க வேண்டாம். முழு ராடு வாங்க முடியாதவர்களுக்காகவே வெட்டித் தரும் ஸ்டாக்கிஸ்டுகள் இருக்கிறார்கள். வெட்டுக்கூலி தனி, கிலோ கணக்கில் விலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை. இதே பொருளைக் கடையும் வேறு பட்டறையிடம் மிச்சத் துண்டு கேட்பதும் மாதிரி செய்வதற்கு நல்ல வழிதான். ஆனால் அதிலும் லாட் எண் கேளுங்கள்.

அப்புறம், பணம் அனுப்பும் நேரத்தில் "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யாமல் அனுப்பாதீர்கள்.

ஆர்டர் தொடர்ந்து வரத் தொடங்கியதும், ரெசினையோ அதைச் செய்யும் இடத்தையோ மாற்றினால் முன்கூட்டியே சொல்வதாக சப்ளையரிடம் எழுதி வாங்குங்கள். இரண்டாவதாக ஒரு சப்ளையரையும் இதே சோதனைகளைச் செய்து தயாராக வைத்திருங்கள். கிரேடும் வேலை செய்யும் வெப்பநிலையும் தெரிந்தால் இங்கேயே கருத்தில் எழுதுங்கள், எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறேன்.