13 வயது மகளின் பயிற்சிக்கு ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டலாமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. நீளம் தாண்டுதலிலும் குறுந்தூர ஓட்டத்திலும் நன்றாக வருகிறாள். இப்போது வாரம் நான்கு நாள் ஒரு பயிற்சியாளரிடம் போகிறாள். தனியார் அகாடமி ஒன்று அவளை முழுநேரப் பயிற்சிக்குக் கூப்பிடுகிறது. வாரம் ஆறு நாள், காலை மாலை இரு வேளை, மொத்தம் 22 மணி நேரம். கூடைப்பந்து ஆடுவதை விட்டுவிட வேண்டுமாம். ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடி. மாதக் கணக்கில் பார்த்தால் கட்டணம் எங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவளுடைய மேற்படிப்புக்குச் சேர்த்த பணத்தை எடுக்கலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா? இப்போது விட்டால் இனி வாய்ப்பே இல்லை என்கிறார்கள்.

பதில்: இரண்டும் வேண்டாம். படிப்புப் பணத்தைத் தொடாதீர்கள், கடனும் வாங்காதீர்கள். அவளுடைய பயிற்சிக்குச் செலவு செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்த அகாடமி விற்கும் 22 மணி நேரத்தை 13 வயது உடம்பால் பயன்படுத்திக்கொள்ள முடியாது.

விளையாட்டு மருத்துவத்தில் ஓர் எளிய அளவுகோல் உண்டு. வாரத்தில் முறைப்படி நடக்கும் பயிற்சி நேரம், எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து, பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. உங்கள் மகளுக்கு 13 மணி நேரம். மீதி 9 மணி நேரம் என்பது கட்டணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. அந்தப் பணத்துக்குக் கிடைப்பது முன்னேற்றமாக இருப்பதைவிடக் காயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இப்போது தள்ளுபடிக்கு வருவோம். இளம் வீரர்கள் தங்கள் முதன்மை விளையாட்டிலிருந்து ஆண்டுக்கு மொத்தம் மூன்று மாதமாவது, ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, விலகி இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு தனி. அப்படியென்றால் அவள் பயிற்சி செய்யப் போவது 9 மாதம்தான். 15 சதவீதத் தள்ளுபடி போக நீங்கள் கட்டுவதோ 10.2 மாதக் கட்டணம். மாதாமாதம் கட்டி, ஓய்வு மாதங்களில் நிறுத்திக்கொண்டால் 9 மாதத்தோடு முடிந்துவிடும். தள்ளுபடி என்ற பெயரில் ஒரு மாதத்துக்கும் மேலான கட்டணத்தைக் கூடுதலாகத் தருகிறீர்கள். இதில் காயம் பட்டு உட்கார்ந்தால் போகும் மாதங்களைச் சேர்க்கவில்லை. கடன் வாங்கிக் கட்டியிருந்தால், அவள் முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கும் மாதத்திலும் தவணை ஓடிக்கொண்டிருக்கும்.

காயத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வயது அப்படி. பெண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 12 வயதை ஒட்டி வருகிறது, சிலருக்குத் தள்ளிப் போகும். எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் தசைநாணும் ஈடுகொடுக்காது. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளும் மென்மையாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே, குதிகாலில் வலி வருவது இந்தக் கட்டத்தில்தான். நீளம் தாண்டும்போது எம்பும் காலில் உடல் எடையின் பல மடங்கு சுமை விழுகிறது. ஒரே காலில், ஒரே அசைவை, வாரம் ஆறு நாள் இரு வேளை செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கூடைப்பந்தை அதனால்தான் விடச் சொல்லாதீர்கள். பக்கவாட்டில் நகர்வது, திரும்புவது, இரு காலில் இறங்குவது என்று அது வேறு தசைகளை வளர்க்கிறது. பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதை 15, 16 வயது வரை தள்ளிப்போடலாம் என்பதும் அதே அறிக்கையின் பரிந்துரை.

சரி, பணத்தை எதில் போடலாம்? முதலில் இப்போதைய பயிற்சியாளரிடம் தொடருங்கள். கூட, வாரம் இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி, தகுதியுள்ள ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில். எடை தூக்கினால் பிள்ளை வளராது என்ற பயம் வேண்டாம். முறையைச் சரியாகக் கற்றுக்கொடுத்து, எடையைப் படிப்படியாகக் கூட்டினால் அது பாதுகாப்பானது, காயங்களையும் குறைக்கிறது. சிறு குழுவில் சேர்ந்தால் தனிப் பயிற்சியாளர் செலவு தேவையில்லை. அடுத்து காலணி. வளரும் காலுக்கு அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும், இதைப் பட்ஜெட்டில் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம் பிசியோதெரபிக்கென்று மாதாமாதம் ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். உங்கள் மருத்துவக் காப்பீடு பயிற்சியிலும் போட்டியிலும் ஏற்படும் காயத்தை ஏற்குமா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் சேர்த்து என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் உச்சவரம்பு, கைக்கு வரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதியும் படிப்புச் சேமிப்பும் தடையில்லாமல் போகும்போதுதான். போட்டிப் பயணம், தங்குமிடம், உடன் போகும் பெற்றோர் இழக்கும் சம்பளம் எல்லாம் இந்த வரம்புக்குள் வர வேண்டும்.

பணமே கேட்காத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். 13 முதல் 18 வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். விடியற்காலைப் பயிற்சி அதைத் தின்றுவிடக் கூடாது. இன்னொன்று, தொடங்கிய மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் பயிற்சியில் இது சகஜம் என்று யார் சொன்னாலும் கேட்காமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு போதாததன் அறிகுறியாக அது இருக்கலாம், எலும்பையும் பாதிக்கும்.

வாய்ப்பு போய்விடும் என்ற பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். 13 வயதில் முன்னால் நிற்பவர்களில் பலர் சீக்கிரம் வளர்ந்தவர்கள், மற்றவர்கள் வளர்ந்ததும் அந்த இடைவெளி குறையும். உங்கள் மகள் உயரத்தில் இன்னும் வளர்கிறாளா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து குறித்து வையுங்கள், பயிற்சியாளருக்கும் அது உதவும்.

அந்த அகாடமியின் பயிற்சி உண்மையிலேயே நன்றாக இருந்தால், வாரம் மூன்று நாள் மட்டும், மாதக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். அப்படிச் சேர்வதானால் இப்போதைய பயிற்சி நாள்களைக் குறைத்து, மொத்தம் 13 மணி நேரத்துக்குள் வைக்க வேண்டும். காயம் பட்டால் கட்டணம் நிறுத்தி வைக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பயிற்சி நேரத்தில் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா என்பதையும் கேளுங்கள். இதில் எதற்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால், இப்போதைய பயிற்சியாளரே போதும்.