அமெரிக்காவில் பெரும்பாலான மக்கள் ஆதரித்தும் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் ஏன் நிறைவேறுவதில்லை?

துப்பாக்கி வாங்குபவருக்குக் குற்றப் பின்னணி இருக்கிறதா என்று விற்பதற்கு முன் பார்ப்பதுதான் பின்னணிச் சோதனை. உரிமம் பெற்ற கடைகளில் இது ஏற்கெனவே கட்டாயம். தனியாருக்குள் நடக்கும் விற்பனைக்கு நாடு முழுக்கக் கட்டாயமில்லை.

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அதன்பின் எடுத்த கருத்துக்கணிப்புகளில் சுமார் 90 சதவீதம் பேர் இந்தச் சோதனையை விரிவாக்கச் சொன்னார்கள். 2013 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் இதற்காக வாக்கெடுப்பு: ஆதரவு 54, எதிர்ப்பு 46. ஆனாலும் தோல்வி!

காரணம், செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே பெரும்பாலும் 100-க்கு 60 பேர் வேண்டும், அந்த வாக்கெடுப்பிலும் 60 தேவைப்பட்டது. போதாக்குறைக்கு, மாநிலம் சிறிதோ பெரிதோ, தலா இரண்டு இடம். சுமார் 4 கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 2. 6 லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் 2. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் 200 வீடுள்ள பிளாக்குக்கும் 4 வீடுள்ள பிளாக்குக்கும் ஒரே எண்ணிக்கையில் ஓட்டு கொடுத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

இன்னொன்றும் உண்டு, என் பார்வையில் இதுதான் முக்கியம். சட்டத்தை ஆதரிப்பவர்களில் பலர் தேர்தலில் விலைவாசி, வேலை என்று பார்த்து ஓட்டுப் போடுகிறார்கள். எதிர்ப்பவர்களில் கணிசமானோருக்குத் துப்பாக்கி ஒன்றே போதும், வேட்பாளரைக் கைவிட. கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலை நினைத்துப் பயப்படும் செனட்டர் யாருக்கு அஞ்சுவார், சொல்லுங்கள்?

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைத் தரும் அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் எல்லாக் கட்டுப்பாட்டையும் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை, அந்த உரிமை வரம்பற்றதல்ல என்று 2008-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது, 2022-இல் இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு மிதமான சட்டத்தை நிறைவேற்றவும் செய்தார்கள்.