பேட்டன் ஏன் கீழே விழுகிறது?

கேள்வி: நான் 10-ம் வகுப்பு மாணவி, பள்ளி ரிலே அணியில் ஓடுகிறேன். 6-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரிலே சொல்லிக்கொடுக்க நாங்கள் நாலு பேர் சேர்ந்து 14 நிமிட வீடியோ ஒன்று தயாரித்தோம். பாட்டு, எஃபெக்ட், பெரிய வீரர்களின் படங்கள் எல்லாம் வைத்தோம். ரசித்துக் கைதட்டினார்கள். மறுநாள் மைதானத்தில், கைமாற்ற வேண்டிய குச்சியான பேட்டனைப் பழையபடியே கீழே போட்டார்கள். நல்ல கேமரா இல்லாததுதான் காரணமா? எந்த எடிட்டிங் ஆப் வாங்கினால் சரியாகும்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

எதையும் வாங்க வேண்டாம். கையில் இருக்கிற ஃபோனே போதும். அந்தக் கைதட்டல் பொய்யில்லை, பிள்ளைகளுக்கு ரிலே பிடித்திருக்கிறது. ஆனால் பேட்டன் வாங்க நிற்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டியவை இரண்டுதான்: எப்போது ஓடத் தொடங்குவது, கையை எங்கே நீட்டுவது. உங்கள் 14 நிமிடத்தில் அதற்கு எத்தனை நொடி கொடுத்திருந்தீர்கள் என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஃபோனைப் பையில் வைத்துவிட்டு மைதானத்துக்குப் போங்கள். அந்தப் பிள்ளைகள் ஓடுவதை அரை மணி நேரம் பார்த்து, ஒவ்வொரு முறையும் பேட்டன் ஏன் விழுந்தது என்று எழுதுங்கள். அநேகமாக மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வரும். வாங்குகிறவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடியிருப்பார், நீட்டிய கை ஆடியிருக்கும், அல்லது அவர் பிடிப்பதற்கு முன்பே கொடுப்பவர் விட்டிருப்பார். தவறுக்கு ஒரு வீடியோ, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். இவ்வளவுதான் உங்கள் வேலை.

எடுக்கும்போது முகத்தை விட்டுவிட்டுக் கையைக் காட்டுங்கள். ஃபோனை டிராக்குக்குப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் அசையாமல் நிறுத்துங்கள். ஓடுகிறவர்களைத் துரத்திக்கொண்டு ஃபோனைத் திருப்பினால் எல்லாம் கலங்கிப்போகும். ஸ்லோமோஷன் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். நொடிக்கு 240 படம் என்று எடுத்ததை 30 என்று ஓட்டினால், ஒரு நொடி எட்டு நொடியாக விரியும். விரல்கள் மூடுவதும் மற்ற கை விடுவதும் தனித்தனியாகத் தெரியும். அதற்கு நல்ல வெளிச்சம் வேண்டும், பகலில் திறந்த வெளியில் எடுங்கள். ஓடும் குதிரையின் நாலு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுமா என்ற பழைய வாதத்தை, 1878-ல் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்துத்தான் தீர்த்தார். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தை நிறுத்திக் காட்ட முடிவதுதான் உங்கள் கையில் இருக்கிற பெரிய பலம். பாட்டும் எஃபெக்ட்டும் அதை மறைத்துவிட வேண்டாம்.

ஆனால் விதிமுறைக்கு ஓடும் காட்சி உதவாது. 4x100 மீட்டர் ரிலேயில் பேட்டன் கைமாற வேண்டிய பகுதி 30 மீட்டர். ஓடுகிறவரின் கால் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை, பேட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் சின்னப் பிள்ளைகளுக்குக் குழப்பம்தான். ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு கோடு போடுங்கள், இரண்டு பட்டன்களை ஓட்டக்காரர்களாகவும் ஒரு தீக்குச்சியைப் பேட்டனாகவும் வையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, மேலிருந்து படம் எடுத்துக் கோத்துவிடுங்கள். பட்டன் கோட்டைத் தாண்டியிருக்கும், தீக்குச்சி இன்னும் உள்ளேயே இருக்கும். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடும்.

குரலை மைதானத்தில் பதிவு செய்யாதீர்கள், காற்று இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். கதவைச் சாத்திய அறையில், பக்கத்தில் இருக்கிற தம்பியிடம் பேசுகிற மாதிரி பேசிப் பதிவு செய்து வீடியோவில் சேர்த்துவிடுங்கள். காது கேளாத பிள்ளைகளும் பார்க்கலாம் என்பதால் வசனத்தைப் பெரிய எழுத்தில் கீழே போடுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பேட்டனைத் தவறவிடுகிற காட்சியில் சின்னப் பிள்ளைகளைக் காட்டாதீர்கள். அந்தத் துண்டு ஃபோன் ஃபோனாகப் போய் வகுப்பே சிரித்தால், அந்தப் பிள்ளை அதற்கப்புறம் மைதானத்துப் பக்கமே வராமல் போகலாம். தவறு செய்கிற வேடத்தை நீங்கள் நாலு பேரும் போடுங்கள். அக்காவும் தவறவிடுவாள் என்று பார்ப்பது அவர்களுக்குத் தெம்புதான். மற்ற காட்சிகளில் வருகிற பிள்ளைகளுக்கும் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள்.

முடித்ததும் எல்லோருக்கும் போட்டுக் காட்டிவிடாதீர்கள். ரிலே ஓடியே பழகாத ஒரு பிள்ளையை மட்டும் கூப்பிட்டுக் காட்டி, பேட்டனைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வாயே திறக்காமல் நில்லுங்கள். அந்தப் பிள்ளை எங்கே தயங்குகிறதோ அந்த இடத்தைத் திரும்ப எடுங்கள். அப்புறம் மற்றவர்களுக்கு டிராக் ஓரத்திலேயே காட்டுங்கள். ஒரு வீடியோ, உடனே பத்து முறை கைமாற்றிப் பார்ப்பது, அதன் பிறகு அடுத்த வீடியோ. பழைய 14 நிமிடத்தையும் அழித்துவிட வேண்டாம், விளையாட்டு விழா அன்று போடுங்கள். அன்றைக்கு அதற்குக் கைதட்டல் கிடைத்தால் போதும்.