வாசகர் கேள்வி – பதில்: உடற்பயிற்சிக் கூடத்தின் சுத்தம்

கேள்வி: நாகப்பட்டினத்தில் சிறிய உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறேன். தினமும் இரவு பினாயில் கலந்த தண்ணீரால் பெஞ்சுகளையும் தரையில் விரிக்கும் மேட்டுகளையும் துடைக்கிறோம். இருந்தும் பயிற்சிக்கு வரும் இளைஞர்களில் சிலருக்குப் படர்தாமரை மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது. இன்னும் வீரியமான மருந்து அடிக்க வேண்டுமா?

பதில்: மருந்தின் வீரியத்தை விட, துடைக்கும் முறைதான் மாற வேண்டும். பினாயில் தரைக்கு உரியது. வெறும் முதுகும் கழுத்தும் படுகிற ரெக்சின் மீது அதைத் தடவினால் தோலில் எரிச்சல்தான் மிஞ்சும். பெஞ்சின் தலைப்பக்கத் தையலைக் கட்டை விரலால் அழுத்தி இழுத்துப் பாருங்கள். மெழுகு போல ஒரு சாம்பல் நிற அழுக்கு திரண்டு வரும். வியர்வையும் உடம்பின் எண்ணெய்ப் பசையும் உதிர்ந்த தோல் செதில்களும் சேர்ந்ததே அது. படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை அந்தச் செதில்களில் மாதக்கணக்கில் உயிரோடு தங்கக்கூடியது என்பதால், அழுக்கை எடுக்காமல் அதன் மேல் எந்தக் கிருமிநாசினியைத் தெளித்தாலும் பலன் குறைவாகவே இருக்கும்.

ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தையல் இடுக்கு வரை தேய்த்துத் துடையுங்கள். அதன் பிறகு, பூஞ்சையையும் கொல்லும் என்று புட்டியில் குறிப்பிட்டிருக்கும் கிருமிநாசினியைத் தடவி, அதே புட்டியில் சொல்லியிருக்கும் நேரம் முழுவதும் ஈரம் காயாமல் விட்டுவிடுங்கள். அந்த நேரம் சரக்குக்குச் சரக்கு மாறும். சிலவற்றுக்குப் பத்து நிமிடம் கூட ஆகும். தெளித்த கையோடு துடைத்து எடுத்துவிடுவதுதான் பல கூடங்களில் காணும் வழக்கம், அதில் மிஞ்சுவது வாசனை மட்டுமே. ஒரே துணியால் எல்லாப் பெஞ்சுகளையும் துடைத்தால், ஒன்றில் இருந்ததை மற்றதற்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததாகத்தான் ஆகும்.

ரெக்சின் கிழிந்த பெஞ்சு இருந்தால் அதை உடனே ஒதுக்கி வையுங்கள். உள்ளே இருக்கும் ஃபோம் வியர்வையைக் குடித்துக்கொள்ளும், அங்கே எந்தத் துணியும் எட்டாது. டேப் ஒட்டினால் அதன் ஓரத்திலேயே அழுக்கு சேரும். கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடையில் கொடுத்துப் புதிய உறை போடுவதே சரியான வழி.

மேட்டையும் பெஞ்சையும் எவ்வளவு துடைத்தாலும், ஒரே துண்டையும் ஒரே இடுப்புப் பெல்ட்டையும் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் படர்தாமரை ஓயாது. அரிப்பு உள்ளவர்களைத் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு அடங்கியது போல் தெரிந்தாலும் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும், அந்த நிலையில் அவர்கள் உங்கள் மேட்டில் படுப்பார்கள்.

கேள்வி: கைக்குத் தடவும் சானிடைசரையே எல்லாக் கருவிகளுக்கும் பயன்படுத்தலாமா? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கைக்கான சானிடைசரில் பசைத்தன்மை சேர்த்திருப்பார்கள், கருவியில் பிசுபிசுப்புத் தங்கிவிடும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் டம்பெல் கைப்பிடிக்கும் பொத்தான்களுக்கும் ஏற்றது. அதைவிடச் செறிவானது இன்னும் நன்றாகக் கொல்லும் என்று நினைக்க வேண்டாம். கிருமியைத் தாக்குவதற்கு ஆல்கஹாலுக்குத் தண்ணீரின் துணை தேவை, செறிவு கூடினால் சட்டென ஆவியாகியும் விடும். ரெக்சினிலும் ரப்பரிலும் தினமும் தடவினால் அவை வறண்டு வெடிக்கும். டிரெட்மில்லின் திரையில் நேரடியாகத் தெளிக்காமல், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் துணியில் நனைத்துத் துடையுங்கள்.

கேள்வி: எடை தூக்கும் இரும்புப் பார் துருப்பிடிக்கிறது. பிளீச்சிங் தண்ணீரால் கழுவலாமா? (தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கூடவே கூடாது. பிளீச்சிங் இரும்பை அரிக்கும். கடற்காற்றும் வியர்வை உப்பும் ஏற்கெனவே செய்யும் வேலையை அது துரிதப்படுத்தும். பிடிமானத்துக்காகக் கொத்தியிருக்கும் சொரசொரப்பான பகுதியில் கையில் பூசும் சாக் பவுடரும் தோல் செதில்களும் அடைந்து ஈரத்தைப் பிடித்து வைப்பதால், அங்கேதான் துரு முதலில் தொடங்குகிறது. காய்ந்த நைலான் பிரஷ்ஷால் அந்த வரிகளைத் தேய்த்து, துணியால் துடைத்து, தையல் மிஷினுக்கு விடும் எண்ணெயில் சில துளிகளைத் துணியில் நனைத்து மெல்லியதாகத் தடவுங்கள். கையில் வழுக்காதபடி மிச்ச எண்ணெயை ஒற்றி எடுத்துவிட வேண்டும். பிளீச்சிங்கைத் தரைக்குப் பயன்படுத்துவதாக இருந்தாலும் கழிவறை ஆசிட்டோடு ஒருபோதும் கலக்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு, ஜன்னல் மூடிய கூடத்தில் மூச்சை அடைத்துவிடும்.